நாக்கில் வைத்த தண்ணீர்

எங்கள் வாய்க்கால் ஓரத்தில் என்னை லியெம் என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. நாக்குக்காரர் என்றால்தான் தெரியும். வாய் நீளம் என்பதால் வந்த பேர் என்று நினைத்துவிட வேண்டாம். வாயும் நீளம்தான், ஆனால் பேர் அதனால் வரவில்லை. ஆற்றுத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் போதும், உப்பு ஏறியிருக்கிறதா, மதகைத் திறக்கலாமா, கூடாதா என்று சொல்லிவிடுவேன். ஆயிரம் சொட்டில் அரைச் சொட்டு கடல் கலந்திருந்தாலும் அடிநாக்கில் ஒரு சின்னக் கரகரப்பு தட்டும். மற்றவர்களுக்குத் தட்டாது. எனக்குத் தட்டும். தட்டிக்கொண்டிருந்தது என்று சொல்வதே சரி.

நான் பையனாக இருந்த காலத்தில் உப்பு வருவது ஒரு விருந்தாளி வருகிற மாதிரி. முதல் மாதம் டெட் புத்தாண்டு கழிந்து, மாம்பூ உதிர்ந்து, மூன்றாம் மாதத்தில் ஒரு வாரம் வரும். அந்த வாரம் குளித்தால் உடம்பு பிசுபிசுக்கும். பிறகு மழை வரும், உப்பு போய்விடும். இப்போது, டெட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அடுப்புச் சாமி வானத்துக்குப் புறப்படுமே, அதற்கும் முன்பே வந்து உட்கார்ந்துகொள்கிறது, ஐந்தாம் மாதம் வரை கிளம்புவதில்லை. மேலே அணை கட்டிவிட்டார்கள் என்கிறார்கள் சிலர். கடல் உயர்ந்துவிட்டது என்கிறார்கள் சிலர். ஆற்றில் மணல் தோண்டியதால் கடல் உள்ளே நுழைகிறது என்கிறார் படித்தவர் ஒருவர். எல்லாமே உண்மையாக இருக்கலாம். யார் தள்ளினாலும் வந்து விழுவது எங்கள் வாய்க்காலில்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை விவசாய ஆபீசிலிருந்து பயிற்சி என்று கூப்பிட்டு, ஒரு சாப்பாட்டுப் பொட்டலமும் குடைத் தொப்பியும் கொடுத்து, தகவமைத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் பேசிவிட்டுப் போவாள். நல்ல பெண். குறை சொல்ல முடியாது. ஆனால் தகவமைப்பதைத் தவிர நாங்கள் வேறு என்ன செய்தோம்? அப்பா காலத்தில் நெல். நெல் கருகியது, கரும்பு போட்டோம். கரும்பு ஆலை மூடியது, பம்பளிமாசு வைத்தோம். பம்பளிமாசு வேர் அழுகியது. கடைசியாக என் தங்கை லாய் டுரியான் வைத்தாள். தகவமைத்துத் தகவமைத்து எங்களுக்கு முதுகு வளைந்ததுதான் மிச்சம்.

லாய்க்கும் எனக்கும் அப்பா விட்டுப்போன நிலம் ஒன்றுதான். நடுவில் ஒரு வரப்பு, ஆற்றுக்கு ஒரே மதகு. என் பாதியில் பழைய தென்னைகள், கொஞ்சம் வாழை. அவள் பாதியில் நாற்பத்தொரு டுரியான். அவள் புருஷன் படகு விபத்தில் இறந்த வருஷம் வைத்த கன்றுகள். எட்டு வருஷம் பிள்ளை வளர்ப்பது போல வளர்த்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, ஆகவே போல என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. என் மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு நான் அவள் அடுப்பிலேயே சாப்பிட ஆரம்பித்தேன். என் மகள் குயென் சைகோன் பக்கம் செருப்பு ஃபாக்டரியில் இருக்கிறாள், வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாள்.

டுரியானுக்கு உப்பு ஆகவே ஆகாது. தென்னை தாங்கும், வாழை கொஞ்சம் முரண்டு பிடிக்கும், டுரியான் ஒரு தடவை குடித்தால் செத்துவிடும்.

என் நாக்குக்குப் பேர் வந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஊர்த்தலைவர் தோனிடம் உப்பு அளக்கிற மீட்டர் ஒன்று இருந்தது. பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் முக்கினால் எண் காட்டும். அன்றைக்கு அது சுழி காட்டியது. எல்லாரும் மதகைத் திறந்தார்கள். நான் தொட்டு நாக்கில் வைத்தேன், காறித் துப்பினேன்.

"லாய், திறக்காதே!" என்று கத்தினேன்.

"மீட்டர் சுழி காட்டுதுங்கறாங்களேண்ணே."

"மீட்டருக்கு நாக்கா இருக்கு? மூடுடி!"

மீட்டரில் பேட்டரி செத்திருந்தது. அந்த வருஷம் எங்கள் வாய்க்காலில் ஏழு தோட்டம் மொட்டையானது. லாய் தோட்டத்தில் ஓர் இலை வாடவில்லை. அதற்குப் பிறகு பக்கத்து வாய்க்காலில் இருந்துகூடப் புட்டியில் தண்ணீர் பிடித்து என்னிடம் கொண்டுவந்தார்கள். நானும் கோயில் சாமியார் மாதிரி உட்கார்ந்து, கண்ணை மூடி, நாக்கில் வைத்து, நல்ல தண்ணி, கெட்ட தண்ணி என்று தீர்ப்புச் சொன்னேன். தலைக்கனம் வந்ததா என்றால், வந்தது.

இந்த வருஷம் டுரியான் முதல் முறையாக நன்றாகப் பிடித்தது. கைமுட்டி அளவுக்குக் காய். லாய் ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று, கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து எண்ணுவாள்.

"என்னடி தினமும் எண்ற? ராத்திரி ஒண்ணு ரெண்டு கூடவா பிறக்கும்?"

"நீங்க உங்க தென்னையைப் பாருங்க. என் பிள்ளைங்கமேல கண்ணு போடாதீங்க."

மழை பத்தாம் மாதமே நின்றுவிட்டது. பன்னிரண்டாம் மாதம் பாதியில் உப்பு வந்தது. மதகைச் சாத்தி, விரிசலுக்கு மண் அப்பி, தோட்டத்து ஓடைகளில் இருந்த தண்ணீரைக் கொண்டு ஓட்டினோம். அது டெட்டுக்குப் பத்து நாள் கழித்துத் தீர்ந்தது. பிறகு வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆள் உயரச் சிமெண்ட் ஜாடிகள். என் வீட்டில் ஒன்பது, அவள் வீட்டில் பதினொன்று. நாங்கள் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்த மழைத் தண்ணீர்.

அதை மரத்துக்கு ஊற்றலாம் என்று சொன்னது நான்தான். அவள் கேட்கவில்லை.

"நாம என்னண்ணே குடிக்கிறது?" என்றாள்.

"வாய்க்கால் தண்ணியைப் படிகாரம் போட்டுத் தெளியவச்சுக் காய்ச்சிக் குடிப்போம். கொஞ்சம் உப்புதானே. நாம என்ன டுரியான் மரமா, குடிச்சா சாக?"

அவள் அழுதுவிட்டாள். நானும் பெரிய தியாகி மாதிரி ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். காலையும் மாலையும் மரத்துக்கு அரை வாளி. அளந்து, வேருக்குப் பக்கத்தில், வைக்கோல் மூட்டத்துக்கு அடியில் சிந்தாமல் ஊற்றுவோம். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று சொல்வார்களே, நாங்கள் நிஜமாகவே வாயைக் கட்டினோம். மரம் மழையைக் குடித்தது, நாங்கள் வாய்க்காலைக் குடித்தோம்.

முதல் வாரம் சோற்றை வாயில் வைக்க முடியவில்லை. தேநீர் குமட்டியது. இரண்டாவது வாரம் லாய் குழம்பில் உப்புக்காக மீன்சாறு விடுவதை நிறுத்திவிட்டாள். தண்ணீரிலேயே உப்பு இருக்கிறதே, செலவு மிச்சம் என்று சிரித்தோம். எப்போது மறுபடி மீன்சாறு விட ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. ஒரு நாள் சாப்பாட்டில் ருசி இல்லை என்று நான்தான் புட்டியைக் கேட்டு வாங்கினேன் என்று நினைக்கிறேன். அதை நாங்கள் ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் மாதக் கடைசியில் இருபது ஜாடியும் காலி. மேலாற்றிலிருந்து நல்ல தண்ணீர் ஏற்றிவரும் படகுக்குச் சொல்லி வைத்திருந்தோம். நாலு நாள் ஆகும் என்றான் படகுக்காரன். மரம் நாலு நாள் தாங்குமா என்று தெரியவில்லை. தினமும் காலையில் மரத்தடியில் ஐந்தாறு காய் விழுந்து கிடந்தது. லாய் அவற்றைப் பொறுக்கிக் கூடையில் போட்டு ஒரு துணியால் மூடி வைத்தாள். எறிந்துவிடு என்றேன், எறியவில்லை.

பிறை பாதியாக இருக்கும் நாட்களில் கடல் அவ்வளவு வேகமாக ஏறாது. அப்படி ஒரு நாள், காலை எட்டு மணி இருக்கும். கடல் இறங்கி முடிந்து, மறுபடி ஏறப் போகிற நேரம். மேலாற்றுத் தண்ணீர் கீழே வந்து நிற்கிற நேரம் அதுதான், அரை மணி நேரம் கிடைக்கும். நான் மதகுப் படியில் இறங்கினேன். லாய் மேலே நின்றாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தோன் சைக்கிளை நிறுத்திவிட்டு மீட்டரை முக்கிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு புள்ளி ரெண்டு," என்று கத்தினார். "நாக்குக்காரரே, திறந்துடாதீங்க. டுரியானுக்கு ஆகாது."

"என்ன தலைவரே, பேட்டரி மாத்தியாச்சா, இல்லை பழசா?"

"புதுசுய்யா. மீட்டரே புதுசு. போன வாரம்தான் குடுத்தாங்க."

"போன தடவையும் இப்படித்தான் பெருசா சொன்னீங்க. ஏழு தோட்டத்துக்காரங்க இன்னும் உங்களை நினைச்சுக்கறாங்க."

அவர் முகம் சுண்டிப்போனது. நல்ல மனிதர், அந்த ஏழு தோட்டத்தில் ஒன்று அவருடையது. அந்த இடத்தில் நான் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

நான் விரலை முக்கி நாக்கில் வைத்தேன். ஒன்றும் இல்லை. ஒரு கை அள்ளி வாயில் விட்டுச் சுழற்றினேன். அடிநாக்கில் வைத்துக் காத்திருந்தேன். கரகரப்பு இல்லை. அவ்வளவு மிருதுவான தண்ணீரை நான் குடித்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்தேன். ஆண்டவனே, இறங்கி வந்துவிட்டாய் என்று எனக்குக் கண் கலங்கியது.

"நல்ல தண்ணி," என்றேன்.

லாய் ஒரு முறை தோனைப் பார்த்தாள், ஒரு முறை என்னைப் பார்த்தாள். "நிஜமாவாண்ணே? படகு நாலு நாள்ல வந்துடும். காத்திருக்கணும்னா காத்திருக்கலாம்."

"நாலு நாள்ல உன் கூடை நிறைஞ்சுடும். இது நல்ல தண்ணி லாய். என் நாக்குமேல சத்தியமா நல்ல தண்ணி."

"தலைவரே, மன்னிச்சுக்குங்க," என்று அக்கரைக்குச் சொன்னாள். "எனக்கு எங்கண்ணன் நாக்குதான் மீட்டர்."

பலகையைத் தூக்கியது நான். அவளும் ஒரு கை கொடுத்தாள். தண்ணீர் சளசளவென்று ஓடைகளில் ஏறியது. படகுக்காரனுக்கு இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அன்று மாலை வரை மோட்டார் போட்டு எல்லா மரத்துக்கும் வயிறு நிறைய ஊற்றினோம். லாய் சின்னப் பெண் மாதிரி குழாயை எனக்கு நேராகத் திருப்பி என்னை நனைத்தாள். அவள் அப்படிச் சிரித்து எட்டு வருஷம் ஆகியிருக்கும்.

ஐந்தாம் நாள் இலை நுனி பழுத்தது. வெயில் என்றேன். எட்டாம் நாள் நுனி கருகி ஓரமெல்லாம் சுருண்டது. பூஞ்சை என்றேன், மருந்து அடித்தோம். பத்தாம் நாள் காலை நானும் அவளும் தோட்டத்தில் நின்றபோது, காற்றே இல்லாமல் இலை உதிர்ந்துகொண்டிருந்தது. நாற்பத்தொரு மரத்திலும். கீழே காய்கள் கிடந்த கிடப்பில் கால் வைக்க இடமில்லை.

"உப்பாண்ணே?" என்றாள்.

"என் நாக்கு பொய் சொல்லாது," என்றேன். கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன்.

மறுநாள் அப்பாவின் நினைவு நாள். குயென் சைகோனிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் பழம், ஊதுபத்தி, வழிக்குக் குடிக்க வாங்கிய ஒரு புட்டித் தண்ணீர். அப்பா படத்துக்குப் படைத்துவிட்டு மூன்று பேரும் பாயில் உட்கார்ந்தோம். மீன் போட்ட புளிக்குழம்பு, மண்சட்டியில் சுண்ட வைத்த கெண்டை, சோறு. தோட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. குயென் ஒரு கரண்டி குழம்பை வாயில் வைத்தாள். அப்படியே எழுந்து ஓடி வாசலில் துப்பினாள்.

"யாரு சமைச்சது? கடலையே கொண்டாந்து கொட்டிட்டீங்களா அத்தே?"

"ஃபாக்டரிச் சாப்பாடு தின்னு தின்னு உனக்கு நாக்கு செத்துப்போச்சுடி," என்றாள் லாய். "நல்லாத்தானே இருக்கு. இல்லையாண்ணே?"

"கொஞ்சம் உப்புக் கம்மி," என்றேன் நான்.

குயென் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சோற்றை ஒரு பருக்கை எடுத்து வாயில் வைத்தாள். கெட்டிலில் இருந்த தேநீரை நாக்கால் தொட்டாள். அவள் முகம் மாறியது.

"அப்பா, எத்தனை நாளா இந்தத் தண்ணியைக் குடிக்கிறீங்க?"

"டெட்டுக்கு அப்புறந்தான். ரெண்டு மாசம் இருக்கும்."

அவள் எழுந்துபோய் இரண்டு கிண்ணம் கொண்டுவந்தாள். ஒன்றில் தன் புட்டித் தண்ணீரை ஊற்றினாள். இன்னொன்றில் எங்கள் பானைத் தண்ணீரை ஊற்றினாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டையும் இடம் மாற்றினாள்.

"எது எதுன்னு சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது, தாத்தாவுக்குப் படைச்ச சாப்பாட்டு நேரத்துல?"

"சொல்லுங்கப்பா."

முதல் கிண்ணத்தைக் குடித்தேன். இரண்டாவதைக் குடித்தேன். மறுபடி முதலாவதைக் குடித்தேன். கண்ணை மூடி அடிநாக்கில் வைத்துக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டும் ஒரே தண்ணீர். வெறும் தண்ணீர். ஐம்பத்தெட்டு வயதில் அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, எனக்கு அழுகை வந்தது.

லாய் ஏசியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். தன் கிண்ணத்துச் சோற்றை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தாள், கையைக் கழுவினாள், தோட்டத்துக்குப் போனாள். குயென் பின்னாலேயே போகப் பார்த்தாள், நான் தடுத்தேன். அந்தக் குழம்பை நானும் சாப்பிட்டு முடித்தேன். உப்புக் கம்மியாகவே இருந்தது.

அவள் மரத்துக்கு என்று ஊற்றிய ஒவ்வொரு வாளி மழைத் தண்ணீருக்கும் நாங்கள் ஒரு வாய் கடலைக் குடித்தோம். அந்தக் கடல் என் நாக்கில் உட்கார்ந்துகொண்டு, அந்த மரங்களுக்கே விஷத்தை ஊற்றச் சொன்னது. இதை நான் எத்தனை விதமாக நினைத்துப் பார்த்தாலும் எங்கே தப்பியிருக்கலாம் என்று பிடிபடவில்லை. ஜாடியைக் கொடுக்காமல் இருந்திருந்தால் மரம் இரண்டாம் மாதம் தொடங்கும்போதே காய்ந்திருக்கும். தோன் பேச்சைக் கேட்டிருந்தால் பிழைத்திருக்கும். ஆம், அது ஒன்று இருக்கிறது. அது மட்டும் இருக்கிறது.

மரம் வெட்டுகிறவர்கள் நாலாம் மாதம் வந்தார்கள். தோனும் வந்து ஒரு கை பிடித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. மத்தியானம் நிழல் இல்லாத தோட்டத்தில் நானும் லாயும் ஓர் அடிமரத்தில் உட்கார்ந்து வெற்றுத் தேநீர் குடித்தோம்.

"இனிமே என்ன வைக்கச் சொல்றாங்க?" என்றாள்.

"தென்னை."

"தென்னையும் போச்சுன்னா?"

"இறால். மதகைத் திறந்தே விட்டுடலாம்கறாங்க. உப்பு எவ்வளவு வந்தாலும் நல்லதாம்."

"இறாலும் செத்துச்சுன்னா?"

"அடுத்த பயிற்சிக்கு வர்ற பொண்ணைக் கேக்கலாம். தொப்பியாவது குடுப்பா."

சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன். அவள் அடிமரத்தின் வெட்டுவாயை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். ஈரம் இருந்தது. "இன்னும் உசிர் இருக்குண்ணே," என்றாள்.

ஐந்தாம் மாதம் எட்டாம் தேதி, பகல் பதினொரு மணிக்கு, மழை வந்தது. வந்தால் இப்படியா வரும் என்று திட்டும் அளவுக்கு வந்தது. கூரையிலிருந்து தகரக் குழாய் வழியாக முதல் அழுக்குத் தண்ணீரைப் போகவிட்டு, பிறகு ஜாடிகளுக்குத் திருப்பினோம். வழக்கமாக அந்த வேலை பாட்டும் கூச்சலுமாக இருக்கும். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் ஜாடியிலிருந்து ஜாடிக்குக் குழாயை மாற்றினோம். மரத்துக்குக் கொடுக்க வேண்டியதில்லை. அவ்வளவும் எங்களுக்கேதான்.

முதல் ஜாடி நிறைந்ததும் லாய் ஒரு கிண்ணம் மொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். தலைமுடி நனைந்து முகத்தில் ஒட்டியிருந்தது.

"எப்படி இருக்குண்ணே?" என்றாள். பழக்கதோஷம். எத்தனையோ வருஷமாக என்னைக் கேட்ட கேள்வி.

குடித்தேன். தண்ணீர் கசந்தது. காய்ச்சல்காரன் வாயில் சோறு கசப்பதைப் போல, நாலு மாதம் உப்பையே குடித்துப் பழகிய நாக்கு முழுவதும் கசந்தது. வானத்திலிருந்து விழுந்து அரை மணி நேரம்கூட ஆகாத, ஒரு துளி உப்பு இல்லாத தண்ணீர். துப்பாமல் விழுங்கினேன்.

"நல்ல தண்ணி," என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, மிச்சத்தைத் தானே குடித்துப் பார்த்தாள். அவள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கூரைத் தண்ணீர் அந்த நிறைந்த ஜாடியிலிருந்து தரையில் வழிந்துகொண்டிருந்தது, யாரும் குழாயை மாற்றவில்லை.

"கசக்குதேண்ணே," என்றாள்.